பழைய ஸ்பானிஷ் கைத்துப்பாக்கி வாங்குவோருக்கு: முதலில் தோட்டாவைப் பாருங்கள்

அமெரிக்காவில் பழைய ராணுவ, போலீஸ் துப்பாக்கிகளைச் சேகரிக்க ஆசைப்படுபவர்களின் கண் முதலில் போவது லூகர், வால்தர், கோல்ட் பக்கம்தான். விலைச் சீட்டைப் பார்த்ததும் அடுத்த அலமாரிக்கு நகர்ந்துவிடுவார்கள். அங்கே ஸ்டார், அஸ்ட்ரா, லாமா, ரூபி என்று ஸ்பெயின்காரர்கள் வரிசையாக இருப்பார்கள். விலை குறைவு, இரும்பு கனமானது, பார்வைக்கு அமெரிக்க ராணுவத்தின் பழைய பிஸ்டலான கோல்ட் 1911 போலவே இருக்கும். "இதையே எடுத்துக்கலாமே" என்று தோன்றும். எடுக்கலாம், தவறில்லை. ஆனால் இந்த வகையில் துப்பாக்கியைத் தேர்ந்துவிட்டுத் தோட்டாவைத் தேடுபவர் மாட்டிக்கொள்வார். எந்தத் தோட்டா சுலபமாகக் கிடைக்கிறது, எந்த உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுத் துப்பாக்கிக்கு வருபவர் பல வருடம் நிம்மதியாகச் சுடுவார்.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி உண்டு.

உங்களுக்கு அனுமதி இருக்கிறதா?

தமிழ் வாசகர்களில் பலர் எச்-1பி அல்லது மாணவர் விசாவில் இருப்பீர்கள். குடியேற்றம் அல்லாத விசாவில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பது அவற்றில் பலரும் பயன்படுத்துவது. நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் அவருடைய துப்பாக்கியைக் கையில் வாங்கினாலும் அது 'வைத்திருத்தல்' ஆகலாம். அகப்பட்டால் அபராதத்தோடு முடியாது, விசாவே போகும். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். கடையில் நிற்கும் பையனிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள்.

அனுமதி உள்ளவர்களுக்கு இரண்டு வழி. கடையில் வாங்கினால் 4473 என்ற படிவத்தை நிரப்புவீர்கள், பின்னணிச் சோதனை நடக்கும், கைத்துப்பாக்கிக்கு வயது 21 ஆகியிருக்க வேண்டும். இணையத்தில் வாங்கினாலும் துப்பாக்கி நேராக உங்கள் வீட்டுக்கு வராது. உங்கள் ஊரில் உள்ள லைசென்ஸ் பெற்ற கடைக்கு வரும், அங்கே போய் இதே சடங்கு, அதற்கு ஒரு கட்டணம்.

இரண்டாவது வழி சேகரிப்பாளர் லைசென்ஸ். 'கியூரியோ அண்ட் ரெலிக்' என்பார்கள். மூன்று வருடத்துக்கு 30 டாலர். 50 வயது கடந்து, பழைய வடிவம் மாறாமல் இருக்கும் துப்பாக்கிகளையும், துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பான ஏ.டி.எஃப். தன் பட்டியலில் சேர்த்தவற்றையும் வேறு மாநிலத்திலிருந்து நேராக வரவழைக்க இது உதவும். வாங்கியதையும் விற்றதையும் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். வாங்கி விற்று வியாபாரம் பண்ண இது செல்லாது. மாநிலச் சட்டம் இதற்கு மேல். கலிஃபோர்னியா, நியூயார்க், மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் கூடுதல் கட்டுப்பாடுகள் உண்டு. இன்னொன்று: ஸ்டார் பி.எம். (BM) மாடல் 1990களின் தொடக்கம் வரை தயாரானது. ஆகவே எல்லா பி.எம்.மும் வயதை வைத்து இதில் அடங்கிவிடாது. உங்கள் கையில் இருப்பது எந்த வருடத்தது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஊருக்குத் திரும்பும்போது கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட அளவு. அந்த யோசனையை இங்கேயே விட்டுவிடுங்கள்.

யார் செய்தார்கள்?

கொஞ்சம் வரலாறு தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். இந்தத் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஸ்பெயினின் வடக்கே பாஸ்க் பகுதியில் பிறந்தவை. எய்பார் ஊரில் தெருவுக்குத் தெரு துப்பாக்கிப் பட்டறை. முதல் உலகப் போரில் பிரான்ஸுக்குக் கைத்துப்பாக்கி போதவில்லை. கபிலோண்டோ நிறுவனத்தின் ரூபி பிஸ்டலை 1915இல் ஆர்டர் செய்தது. மாதம் 10,000 என்று தொடங்கியது சீக்கிரமே 30,000 ஆனது. ஒரு நிறுவனத்தால் முடியாமல், சுற்றியிருந்த பட்டறைகளெல்லாம் இறங்கின. அதனால் 'ரூபி' என்பது ஒரு துப்பாக்கி இல்லை, ஒரு கூட்டம். ஒருவர் செய்த மேகசின், அதாவது தோட்டா நிரப்பிச் செருகும் பெட்டி, இன்னொருவர் செய்ததில் பொருந்தாது. சிலது நல்ல வேலை, சிலது பச்சை இரும்பு.

ஸ்பெயினின் உள்நாட்டுப் போருக்குப் பிறகு சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி மூன்று நிறுவனங்களை மட்டும் பிஸ்டல் செய்ய விட்டது: எய்பாரில் போனிஃபாசியோ எச்செவெர்ரியாவின் ஸ்டார், குவெர்னிகாவில் உன்செத்தாவின் அஸ்ட்ரா, கபிலோண்டோவின் லாமா. 1937 ஏப்ரல் 26 அன்று குவெர்னிகா மேல் விமானங்கள் குண்டு போட்டு ஊரை எரித்தபோதும் உன்செத்தா ஆலை தப்பித்தது. ஸ்டாரும் அஸ்ட்ராவும் 1997இல் மூடப்பட்டன, லாமா இன்னும் சில வருடம் ஓடியது. இன்று மூன்றும் இல்லை. ஒரு பின் உடைந்தால் 'கம்பெனிக்கு எழுதுகிறேன்' என்று சொல்ல ஆளே கிடையாது. உதிரி பாகம் பற்றி நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

மூன்று ஒன்பதுகள்

கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஸ்பானிஷ் பிஸ்டலின் மேல் '9 மி.மீ.' என்று இருந்தால் அது மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஒரே தெருவில் மூன்று முருகேசன் இருப்பது மாதிரி.

9 கோர்ட்டோ என்பது குட்டை. தோட்டாக்கூட்டின் நீளம் 17 மி.மீ. அமெரிக்கக் கடையில் இதற்கு .380 ஏ.சி.பி. என்று பெயர்.

9 பாராபெல்லம், அதாவது உலகம் முழுக்க எல்லோரும் 9 மி.மீ. என்று சொல்லும் சாதாரணத் தோட்டா. 19 மி.மீ. எந்தக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு.

9 லார்கோ நெட்டை. 23 மி.மீ. ஸ்பானிஷ் ராணுவத்தின் பழைய தோட்டா இதுதான். பெர்க்மன் பயார்ட் என்றும் சொல்வார்கள். அஸ்ட்ரா 400, ஸ்டார் ஏ, ஸ்டார் சூப்பர் எல்லாம் இதற்காகச் செய்தவை. கடைகளில் எளிதில் கிடைக்காது, கிடைத்தால் விலை அதிகம்.

ஸ்டார் பிராண்டில் ஏ (A) மாடலும் பி (B) மாடலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி. ஏ லார்கோ, பி பாராபெல்லம். ஸ்டார் சூப்பர் லார்கோ, சூப்பர் பி பாராபெல்லம். எழுத்து தேய்ந்திருந்தால் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. பாராபெல்லத்துக்குப் பெரும்பாலும் 'P' எழுத்தைச் சேர்த்துப் பொறித்திருப்பார்கள். அது இல்லாமல் வெறும் 9 மட்டும் இருந்தால் லார்கோ என்று சந்தேகப்படுங்கள். சந்தேகம் தீரவில்லையா? துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துச் சேம்பரை, அதாவது குழலின் பின்னால் தோட்டா உட்காரும் அறையை, அளக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் பிரபலமான கதை. 'அஸ்ட்ரா 400 எந்த 9 மி.மீ.யையும் சுடும், .38 சூப்பர்கூடச் சுடும்' என்று துப்பாக்கிக் கண்காட்சியில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார். கேட்காதீர்கள். லார்கோ தோட்டா சேம்பருக்குள் தன் கூட்டின் வாய் விளிம்பில் தங்கி நிற்கிறது. 4 மி.மீ. குட்டையான பாராபெல்லத்தைப் போட்டால் அதற்கு அந்த விளிம்பு எட்டாது, சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கி மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். சில நேரம் சுடும், சில நேரம் சுடாது, கொக்கி உடையும். .38 சூப்பர் இதைவிட மோசம். அதன் அழுத்தம் லார்கோவைவிட ரொம்ப அதிகம். அஸ்ட்ரா 400இல் குழலும் ஸ்லைடும் (சுடும்போது பின்னால் ஓடித் திரும்பும் மேல் பாகம்) ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை. கனமான ஸ்லைடும் முரட்டு ஸ்பிரிங்கும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. இத்தனை பழைய இரும்பில் இந்த விளையாட்டு வேண்டாம். துப்பாக்கிக்கு எது எழுதியிருக்கிறதோ அது மட்டும்.

அப்படியானால் முதலாவதாக எது?

என் பதில் ஸ்டார் பி.எம். யோசிக்க வேண்டியதே இல்லை. 9 பாராபெல்லம், எட்டுத் தோட்டா மேகசின், முழு இரும்பு உடல், ஒரு கிலோவுக்குச் சற்றே குறைவான எடை. ஸ்பெயினின் கார்டியா சிவில் காவல் படை பயன்படுத்தியது. 2018 வாக்கில் மொத்தமாக அமெரிக்காவுக்கு வந்தபோது 200 டாலரைச் சுற்றிக் கிடைத்தது, இப்போது அந்த விலைக்குக் கிடைக்காது. அந்தக் கனத்தால் கையில் உதை குறைவாகவே தெரியும். இதையே அலுமினிய உடலோடு செய்தது பி.கே.எம். இடுப்பில் வைக்க லேசு. நிறையச் சுட நினைப்பவர் இரும்பையே எடுங்கள்.

கொஞ்சம் பெரிய உடல் வேண்டுமானால் ஸ்டார் பி அல்லது சூப்பர் பி. சூப்பர் பி-யில் வலப்பக்கம் ஒரு நெம்புகோல் உண்டு. அதைத் திருப்பினாலே ஸ்லைடு கழன்று வரும், நல்ல வசதி.

அஸ்ட்ரா 600 பாராபெல்லம்தான், அழகான துப்பாக்கி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஆர்டர் கொடுத்து, 1944இல் பிரான்ஸ் எல்லை மூடும் வரை 10,450 போய்ச் சேர்ந்தன. அந்தச் சரித்திரத்துக்காகவே விலை ஏறியிருக்கிறது. ஸ்லைடை இழுக்கக் கை பலம் வேண்டும். இரண்டாவது துப்பாக்கியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ரூபியைச் சுடுவதற்காக வாங்காதீர்கள். சரித்திரப் பொருளாக அலமாரியில் வைக்க அருமையானது. சட்டகத்தின் இடப்பக்கப் பின்புறத்தில் நீள்வட்டத்துக்குள் இரண்டெழுத்துக் குறி இருக்கும், அதை வைத்து எந்தப் பட்டறை என்று தேடுவதே ஒரு தனிச் சுகம். ஆனால் உள்ளே சுத்தியலைப் பிடித்து நிறுத்தும் சியர் என்ற சிறு பாகம் தேய்ந்து, விசையை விட்ட பிறகும் சுட்டுக்கொண்டே போன ரூபிகள் உண்டு.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

முதலில் மேகசினைக் கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரர் 'காலிதான்' என்று சொல்லிக் கொடுத்தாலும் பாருங்கள். கேட்டுக்கொண்டு பாகம் பிரித்துக் காட்டச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். சுருள் வரிகள் மங்கலாக இருந்தால் பரவாயில்லை, துப்பாக்கி சுடும். வட்டமாக ஒரு கருப்பு நிழல் தெரிந்தால் குழல் அந்த இடத்தில் ஊதியிருக்கிறது, வைத்துவிட்டு வாருங்கள். குழலின் மேல் உள்ள பூட்டுப் பற்கள் முனை உருண்டு போயிருக்கக் கூடாது. சட்டகத்தில் ஸ்லைடு ஸ்டாப் நுழையும் துளையைச் சுற்றியும், ஸ்லைடு ஓடும் தடங்களிலும் தலைமுடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று நிதானமாகத் தேடுங்கள்.

பிறகு விசைச் சோதனை. பி.எம்.மில் மேகசின் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாது, அது பழுது இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு. காலி மேகசினைச் செருகி, சேம்பரில் ஒரு போலித் தோட்டா வைத்துக்கொள்ளுங்கள். போலித் தோட்டாவைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. ஏனென்றால் இந்த ஸ்டார்களில் தோட்டாவின் அடியைக் குத்தும் ஃபயரிங் பின்கள் வெறும் சேம்பரில் திரும்பத் திரும்ப விசையை இழுத்தால் உடையும் என்று பெயர் எடுத்தவை.

ஹேமரை (சுத்தியலை) ஏற்றிவிட்டுப் பின்னாலிருந்து கட்டைவிரலால் முன்னே தள்ளுங்கள், விழக் கூடாது. சேஃப்டியைப் போட்டு விசையை இழுத்து விட்டுவிட்டு, சேஃப்டியை எடுங்கள், அப்போதும் விழக் கூடாது. ஸ்லைடைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் பிடித்தபடி விசையை இழுங்கள், விழக் கூடாது. விசையைப் பிடித்தபடியே ஸ்லைடை முன்னே விடுங்கள், இப்போதும் விழக் கூடாது. விசையை விட்டு மறுபடி இழுத்தால் மட்டும் விழ வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் அது மெக்கானிக் வேலை. விலையில் அதைக் கழித்துப் பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

மேகசின் ஒன்றுதான் வருகிறதா, இரண்டா என்று கேளுங்கள். இரண்டு என்றால் இருபது முப்பது டாலர் கூடக் கொடுக்கலாம். பழைய ஸ்டார் மேகசின்களைத் தனியாகத் தேடுவது அலுப்பு பிடித்த வேலை.

சட்டகத்தில் பொறித்திருக்கும் எய்பார் சோதனைச்சாலை முத்திரைகளையும் பாருங்கள். அவற்றோடு வருடத்தைக் குறிக்கும் ஓர் எழுத்துக் குறி இருக்கும். 1927இல் 'ஏ' என்று தொடங்கிய வரிசை அது. சேகரிப்பாளர் லைசென்ஸில் வாங்குபவருக்கு வயதைக் காட்ட இது உதவும். இறக்குமதி செய்தவரின் பெயரும் ஊரும் பொறித்திருப்பதைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள், அது சட்டப்படி இருக்க வேண்டியது.

வீட்டுக்கு வந்ததும்

ராணுவமும் போலீசும் கழித்துவிட்ட உபரித் துப்பாக்கிகள் பலவும் கெட்டியான பாதுகாப்பு கிரீஸில் முக்கி எடுத்தவை. வெளியே துடைத்திருப்பார்கள், குழலுக்குள்ளும் ஃபயரிங் பின் துளைக்குள்ளும் இருக்கும். குழலில் கிரீஸ் இருக்கும்போது சுட்டால் அழுத்தம் ஏறும். பின் துளையில் கெட்டியாகிப் போனால் பின் சரியாக ஓடாது. ஆகவே முதல் தோட்டாவுக்கு முன் முழுச் சுத்தம்.

பி.எம்.மைப் பிரிப்பது 1911 தெரிந்தவருக்குப் புதிது இல்லை. மேகசினைக் கழற்றி, சேம்பர் காலி என்று மறுபடி உறுதி செய்யுங்கள். ஸ்லைடின் கீழ் விளிம்பில் உள்ள சிறு வெட்டு ஸ்லைடு ஸ்டாப்புக்கு நேராக வரும் வரை ஸ்லைடைப் பின்னால் கொண்டுவாருங்கள். வலப்பக்கத்திலிருந்து ஸ்லைடு ஸ்டாப்பின் முனையைத் தள்ளினால் இடப்பக்கமாக வெளியே வரும். ஸ்லைடை முன்னால் உருவுங்கள். ஸ்பிரிங் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். மினரல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து பிரஷ் போட்டால் கிரீஸ் கரைந்துவிடும். அறை ஜன்னலைத் திறந்து வைத்து, பக்கத்தில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மரப் பிடியை முன்பே கழற்றிவிடுங்கள். பிறகு லேசாக எண்ணெய்.

உருவம் 1911 போல இருக்கிறதே என்று 1911 பாகங்களை வாங்கிப் போடாதீர்கள். உள்ளே எல்லாம் வேறு: விசை நேராகப் பின்னால் நகராமல் ஓர் அச்சில் ஆடுகிறது, பிடியில் சேஃப்டி கிடையாது, எக்ஸ்ட்ராக்டர் வெளியே இருக்கிறது. லாமாவுக்கும் 1911 பாகங்கள் அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங் புதிதாக ஒன்று, உபரியாக ஒரு ஃபயரிங் பின். இரண்டையும் தேவை வரும் வரை காத்திருக்காமல் துப்பாக்கி வாங்கிய வாரமே ஆர்டர் போடுங்கள். பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்லைடு ஒவ்வொரு முறையும் சட்டகத்தை அறையும். விரிசல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நூம்ரிச் போன்ற பழைய உதிரி பாகக் கடைகளில் இன்னும் கிடைக்கிறது, தீர்ந்தால் தீர்ந்ததுதான்.

மேகசின் இல்லாமல் சுடாத அந்த ஏற்பாட்டைப் பிடுங்கிப் போடச் சொல்லும் வீடியோக்கள் உண்டு. விசை கொஞ்சம் மிருதுவாகும் என்பது உண்மை. என்னைக் கேட்டால் வேண்டாம்.

முதல் நாள் ரேஞ்சில்

தோட்டா: புதிதாகத் தயாரான, சாதாரண அழுத்தமுள்ள, உருண்டை முனை, குண்டின் எடை 115 அல்லது 124 கிரெய்ன். '+P' என்றோ நேட்டோ என்றோ எழுதியதை எடுக்காதீர்கள், அவை அழுத்தம் கூடியவை. குழி முனைத் தோட்டாக்கள் இந்தக் காலத்துத் துப்பாக்கிகளுக்கு வடிவமைத்தவை. பழைய ஸ்டார் சிலவற்றில் அவை உள்ளே நுழையும்போது மாட்டும். யாரோ வீட்டில் நிரப்பிய தோட்டாவை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

கண்ணுக்கும் காதுக்கும் காப்பு. எப்போதும் முனை இலக்குப் பக்கம், சுட முடிவு செய்யும் வரை விரல் விசைக்கு வெளியே. இது தெரியாதவர் முதலில் பயிற்சியாளரோடு போங்கள், பழைய துப்பாக்கியில் பழகத் தொடங்குவது சரியில்லை.

முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. சுட்டதும் கூட்டை எடுத்துப் பாருங்கள்: அடிப்பகுதிக்குச் சற்று மேலே ஊதியிருக்கிறதா, விரிசல் இருக்கிறதா, பின் குத்திய இடம் கிழிந்திருக்கிறதா? எல்லாம் சரியென்றால் இரண்டு தோட்டா. இரண்டு எதற்கென்றால், சியர் தேய்ந்த துப்பாக்கி ஒரே இழுப்பில் இரண்டையும் சுட்டுவிடும். எட்டு நிரப்பி அதைக் கண்டுபிடிக்க நீங்கள் விரும்ப மாட்டீர்கள். அப்படி நடந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தி, பெட்டியில் வைத்து மெக்கானிக்கிடம். இதைச் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பது தனிச் சிக்கல், ரேஞ்சில் 'இன்னொரு தடவை பார்ப்போம்' என்று சோதிக்க வேண்டாம்.

இரண்டும் ஒழுங்காகப் போனால் ஐந்து, பிறகு முழு மேகசின். முதல் 50 தோட்டாவுக்குப் பிறகு ரேஞ்சிலேயே பிரித்து, நீங்கள் முன்பு பார்த்த அதே இடங்களை மறுபடி பாருங்கள்.

'டிக்' என்று சத்தம் வந்து சுடாமல் போனால் முனையை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருங்கள், பிறகு தோட்டாவை வெளியேற்றுங்கள். சத்தம் வழக்கத்தைவிடச் சன்னமாகக் கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம்.

வைத்துக்கொள்வது

இவற்றைத் தற்காப்புக்கென்று இடுப்பில் வைப்பவர்கள் உண்டு. நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபயரிங் பின்னைத் தடுத்து நிறுத்தும் இன்றைய ஏற்பாடு பி.எம்.மில் இல்லை, சேம்பரில் தோட்டாவோடு கீழே விழுந்தால் என்ன ஆகும் என்பதில் உத்தரவாதம் கிடையாது. சேம்பர் காலியாகவே இருக்கட்டும். வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டா வேறு பூட்டில். குழந்தைகள் உள்ள வீட்டில் சாவி அலமாரி மேல் இருப்பது பூட்டு இல்லாததற்குச் சமம்.

பழைய தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் துருவேற்றும். எண்ணெய்த் துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்றைப் போடுங்கள். நிறம் தேய்ந்திருக்கிறதே என்று மறுபடி நீலம் பூசக் கொடுக்காதீர்கள், சேகரிப்பு மதிப்பு அங்கேயே போய்விடும். பத்திரிகையில் பார்த்த படத்தை நினைத்துப் பழைய அஸ்ட்ரா 900க்குத் தோள் கட்டை மாட்டிப் பார்க்கும் ஆசை வந்தால், மாட்டும் முன் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டையோடு சேர்ந்தால் அது சட்டப்படி வேறு வகைத் துப்பாக்கி ஆகிவிடலாம், அப்போது பதிவில்லாமல் வைத்திருப்பது பெரிய குற்றம்.